கூடைத் தக்காளி, பாக்கெட் பியூரி, டின் பேஸ்ட்: எது மலிவு, எதனால்?

2023 ஜூலை கடைசி வாரம். எங்கள் தெருமுனைக் காய்கறிக் கடையில் தக்காளி கிலோ 160 ரூபாய். அரைக் கிலோ எடுத்துக்கொண்டு, எதுவும் அடியில் நசுங்கியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மளிகைக் கடை அலமாரியில் தக்காளி பியூரி, 200 கிராம் பாக்கெட், 30 ரூபாய். பிப்ரவரியிலும் அதே 30தான்.

அன்று இரவு தங்கை பேசினாள். அவள் இருப்பது கலிபோர்னியாவில், ஃப்ரெஸ்னோ பக்கம். “அக்கா, இங்க வருஷம் முழுக்க டின் தக்காளிதான் மலிவு. தோல் உரிச்சு, வேக வச்சு, டின்ல அடைச்சு, லேபிள் ஒட்டி வர்றது எப்படிக்கா செடியிலேருந்து பறிச்சதைவிடக் கம்மியா இருக்கும்?”

நியாயமான கேள்விதான். வேலை கூடினால் விலை கூடவேண்டும் என்பதுதானே நமக்குத் தெரிந்த கணக்கு. அதற்குப் பதில் தேடித்தான் வீட்டில் பழம், பியூரி, பேஸ்ட் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட ஆரம்பித்தேன். இன்றுவரை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

தராசில் தண்ணீரைக் கழித்துவிட்டுப் பார்த்தால்

தக்காளிப் பழத்தில் 94, 95 சதவீதம் தண்ணீர். குழம்புக்குச் சாரம் தருவது மிச்சமுள்ள ஐந்து சதவீதம்தான். பியூரி என்று பெயர் போட்டு விற்க, நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிப்படி அதில் குறைந்தது 9 சதவீதம் சாரம் இருக்கவேண்டும். பேஸ்ட் என்றால் குறைந்தது 25. வழக்கமாக 28, 30 வரை இருக்கும். அதாவது ஒரு கிலோ பியூரி என்பது கிட்டத்தட்ட இரண்டு கிலோ பழம். ஒரு கிலோ பேஸ்ட் என்பது ஏறத்தாழ ஆறு கிலோ பழம்.

இப்போது விலையை வைத்துப் பாருங்கள். 200 கிராம் பியூரி 30 ரூபாய் என்றால் கிலோ 150. பழக் கணக்குக்கு மாற்றினால் கிலோ சுமார் 80 ரூபாய். ஹோட்டல்காரர்கள் வாங்கும் மொத்தக் கடையில் 825 கிராம் பேஸ்ட் டின்னை நான் 150 ரூபாய்க்கு வாங்கினேன். அது பழக் கணக்கில் கிலோ 30 ரூபாய்தான்.

ஆக, சந்தையில் பழம் 30 ரூபாய்க்குக் கீழே இருக்கும்போது வேறெதையும் தேடவேண்டாம். 30-க்கும் 80-க்கும் நடுவில் இருந்தால் பேஸ்ட் மலிவு, பியூரி நட்டம். 80-ஐத் தாண்டினால் பியூரியும் பழத்தைவிட மலிவாகிவிடும். உங்கள் ஊர் விலை வேறாக இருக்கலாம். பியூரியின் கிலோ விலையை 1.8-ஆலும் பேஸ்ட்டின் கிலோ விலையை 6-ஆலும் வகுத்துக்கொண்டால் போதும். நம் ஊரில் பியூரி எப்போதுமே மலிவு என்று சொல்வது சரியில்லை. சித்திரையில் 20 ரூபாய்க்கு நல்ல பழம் கிடைக்கும்போது பாக்கெட்டை நாடுவது வீண் செலவு.

கணக்கில் பலரும் விட்டுவிடுவது கேஸ். தொக்குக்காக ஒரு கிலோ தண்ணீரைச் சுண்டவைக்க 90 முதல் 100 கிராம் வரை கேஸ் எரியும். மூன்று கிலோ பழத்தில் தொக்கு கிளறினால் இரண்டு கிலோ தண்ணீராவது ஆவியாகவேண்டும். அடுப்பருகில் நிற்கும் நேரத்துக்கு யாரும் விலை போடுவதில்லை.

இரண்டும் ஒரே தக்காளி இல்லை

தங்கையின் கேள்விக்கு முக்கியமான பதில் இங்கேதான் இருக்கிறது. பாலக்கோடு பக்கம் எங்கள் சித்தப்பா தக்காளி போடுகிறார். சந்தைக்குப் போகும் பழத்துக்கு அவர் செய்வதைக் கிட்டே நின்று பார்த்திருக்கிறேன். செடிக்குச் செடி குச்சி நட்டு, கயிறு இழுத்துக் கட்டவேண்டும். காய் ஒரே நாளில் பழுக்காது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை, வாரக்கணக்கில் பறிக்கவேண்டும். பறிப்பவர்கள் செடி செடியாகக் குனிந்து, முழுக்கப் பழுத்ததை ஒதுக்கி, செங்காயாக இருப்பதைப் பார்த்துப் பறிப்பார்கள். பழுத்ததை அனுப்பினால் லாரியிலேயே கூழாகிவிடும். அப்புறம் அளவு பார்த்துப் பிரித்து, பெட்டியில் அடுக்கி, விடியுமுன் சந்தைக்கு. தோலில் ஒரு கீறல் இருந்தாலும் ஏலத்தில் விலை இறங்கும். நாம் பழத்துக்குக் கொடுக்கும் காசில் பெரும்பங்கு, அந்தத் தோலைக் கீறல் படாமல் வீடுவரை கொண்டுவந்து சேர்க்கிற செலவு.

பேஸ்ட்டுக்கு விளைவது வேறு சாதி. குட்டைச் செடி, குச்சி வேண்டாம், தரையிலேயே படரும். காய்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பழுக்கும். முட்டை வடிவம், கெட்டிச் சதை, சாறு குறைவு, சாரம் அதிகம். குலுக்கினால் காம்பு செடியிலேயே நின்றுவிட, பழம் மட்டும் உதிரும். இது தற்செயலாக அமைந்ததில்லை. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஜாக் ஹன்னா இயந்திரத்துக்கு ஏற்ற தக்காளியை உருவாக்க, அதே இடத்தில் கோபி லொரன்சன் அந்தத் தக்காளிக்கேற்ற அறுவடை இயந்திரத்தை வடிவமைத்தார். 1960-களின் தொடக்கத்தில் அது வயலுக்கு வந்தது. 1964-இல் மெக்சிகோத் தொழிலாளர்களை வரவழைக்கும் ஒப்பந்தம் முடிந்ததும், சில ஆண்டுகளிலேயே அங்கே ஆலைத் தக்காளி அறுவடை ஏறத்தாழ முழுக்க இயந்திரத்தின் கைக்குப் போய்விட்டது. இயந்திரம் செடியை அடியோடு அறுத்து, குலுக்கி, பழத்தைப் பிரிக்கிறது. பச்சைக் காய்களை நிறம் பார்த்துத் தள்ளிவிடுகிறது. ஏக்கருக்குச் சராசரி 50 டன் வரை எடுக்கிறார்கள். இந்தியச் சராசரி ஏக்கருக்கு 10 டன் அளவில்தான்.

அதே 2023-இல் கலிபோர்னிய விவசாயிகளுக்கு ஆலைகள் ஒப்புக்கொண்ட விலை டன்னுக்கு 138 டாலர். நம் காசில் கிலோ சுமார் பன்னிரண்டரை ரூபாய். அங்கே அது அதுவரை காணாத உயர்ந்த விலை! சென்னையில் நாம் 160 கொடுத்த அதே பருவத்தில்தான் இதுவும்.

ஆனால் இந்த மலிவுக்கு ஒரு விலை இருந்தது, அதையும் சொல்லியாகவேண்டும். 1960-களின் தொடக்கத்தில் அங்கே ஆலைக்குத் தக்காளி விளைவித்தவர்கள் சுமார் 4,000 பேர். 1973-இல் சுமார் 600 பேர்தான் மிஞ்சினார்கள். இயந்திரம் வாங்க முடிந்தவர் நின்றார், முடியாதவர் வெளியேறினார். பறிக்கும் வேலையை நம்பியிருந்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு அந்த வேலையும் போனது. டின்னைக் கையில் எடுக்கும்போது எனக்கு இது நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

ஆலைக்குள் என்ன நடக்கிறது

நாம் அடுப்பில் சுண்டவைக்கும்போது ஆவி காற்றோடு போய்விடுகிறது. ஆலையில் அந்த ஆவியை வீணாக்குவதில்லை. முதல் கலத்தில் எழும் ஆவி இரண்டாவது கலத்தைச் சூடாக்கும், அதன் ஆவி மூன்றாவதை. உள்ளே காற்றழுத்தத்தைக் குறைத்து வைத்திருப்பதால் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும், நிறமும் கருகாது. மூன்று கலம் இருந்தால் எரிபொருள் செலவு சுமார் மூன்றில் ஒரு பங்காகிவிடும்.

சுண்டிய பேஸ்ட்டைக் கிருமி நீக்கிய பைகளில் நிரப்பி, பெரிய டிரம்களில் வைத்துவிடுகிறார்கள். குளிர்பதனம்கூடத் தேவையில்லை. இப்படி மொத்தமாகக் கெடாமல் வைக்கும் முறையை வளர்த்தெடுத்த பர்டியூ பல்கலைக்கழகத்தின் பிலிப் நெல்சனுக்கு 2007-இல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள். இந்த டிரம்மை நான் ஏரியாகத்தான் பார்க்கிறேன். மழைக் காலத்தில் நிரப்பிக்கொண்டால் கோடையிலும் மடை திறக்கலாம். புதுப் பழச் சந்தை காட்டாறு மாதிரி. பெய்தால் கரை உடையும், பெய்யாவிட்டால் மணல்தான். பியூரி விலை பிப்ரவரியிலும் ஜூலையிலும் ஒன்றாக இருந்ததற்கு இதுவே காரணம். ஜூலையில் நான் பார்த்த பாக்கெட், விலை ஏறுவதற்கு வெகு முன்பே பறித்து அரைத்த பழம்.

லாரியும் அப்படித்தான். ஒரு லாரி பழம் என்றால் பெரும்பாலும் தண்ணீர்ச் சுமை. அதே லாரியில் பேஸ்ட் ஏற்றினால் ஆறு லாரிப் பழத்தின் சாரம் போய்விடும். வழியில் அழுகவும் அழுகாது. தக்காளியில் அறுவடைக்குப் பிறகு வீணாவது சுமார் 12 சதவீதம் என்று மத்திய அரசு நிறுவனத்தின் 2015 ஆய்வு சொன்னது. அழுகிய பழத்தின் விலையையும் சேர்த்துத்தான் அழுகாத பழத்தின் மேல் வைக்கிறார்கள். நாம் தக்காளிக்குக் கொடுக்கும் ஒரு ரூபாயில் விவசாயிக்குப் போவது சுமார் 33 காசு என்று 2024-இல் வந்த ரிசர்வ் வங்கி ஆய்வுக் கட்டுரை கணக்கிட்டிருக்கிறது.

கேச்சப்பை இந்தப் போட்டியில் சேர்க்கவேண்டாம் என்பது என் கருத்து. எங்கள் வீட்டு பாட்டிலில் தக்காளி பேஸ்ட் 28 சதவீதம்தான். மற்றபடி தண்ணீர், சர்க்கரை, வினிகர், உப்பு. அதன் மலிவு பெரும்பாலும் சர்க்கரையின் மலிவு. தக்காளி விலை ஏறியபோது குழம்பில் கேச்சப் ஊற்றியதாகச் சிலர் சொன்னார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், குழம்பு தித்திக்கும்.

பாலக்கோட்டில் ஏன் டிரம் நிரம்பவில்லை

160-க்கு வாங்கிய அதே ஆண்டில், செப்டம்பருக்குள் விலை சரிந்து, பல சந்தைகளில் விவசாயிக்குக் கிலோவுக்குப் பத்து ரூபாய்கூடக் கிடைக்கவில்லை. நான் ஊருக்குப் போயிருந்தேன். சித்தப்பா வயலில் பழம் சிவந்து, கீழே உதிர்ந்து கிடந்தது. மிதிக்காமல் நடக்க இடமில்லை. “பறிக்கலையா சித்தப்பா?” என்றேன். “பறிகூலிக்கே கட்டாது கண்ணு. ஆடு மேயட்டும்னு விட்டுட்டேன்” என்றார்.

உலகத்தில் சீனாவுக்கு அடுத்து அதிகம் தக்காளி விளைவது இந்தியாவில், ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டன். அதில் ஆலைக்குப் போவது மிகச் சிறிய பங்கு. தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்கு மூன்றுக்கும் விலை நிலைக்கவேண்டும் என்று 2018-19 மத்திய பட்ஜெட்டில் 500 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தார்கள். பாலக்கோட்டுக்குப் பக்கத்திலேயே கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலைகள் இருக்கின்றன. மா பருவம் முடிந்தால் அவற்றுக்கு வேலை குறைவு. அந்த இயந்திரங்களில் பெரும்பகுதி தக்காளிக்கும் உதவும். பிறகு என்ன தடை? சித்தப்பா போடுவது சந்தை ரகம், சாரம் குறைவு. நான்கு சதவீதச் சாரமுள்ள பழத்தில் ஒரு கிலோ பேஸ்ட் எடுக்க ஏழு கிலோ வேண்டும்; ஐந்தரை சதவீதம் என்றால் ஐந்து கிலோ சொச்சம் போதும். ஆலைக்கு விலையும் முன்கூட்டியே தெரியவேண்டும்.

முன்கூட்டியே பத்து ரூபாய் என்று எழுதிக் கொடுத்தால் ஆலை ரகம் போடுவீர்களா என்று அவரைக் கேட்டேன். “ரெண்டு ஏக்கர் போடலாம். ஆனா சந்தையில எண்பது போற அன்னிக்கும் பத்துக்கே குடுக்கணும்ல? அன்னிக்கு மனசு நிக்காது கண்ணு” என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஐந்து முறை நட்டப்பட்டவர் ஆறாவது முறை கிடைக்கும் எண்பதை நம்பித்தான் நடுகிறார். பாதி வயலை ஒப்பந்தத்துக்கும் பாதியைச் சந்தைக்கும் விட அனுமதிக்கும் ஆலை ஒன்று வந்தால் அவர் சேர்வார் என்றே நினைக்கிறேன்.

அடுப்பில் எது எதற்கு

பட்டர் மசாலா, சென்னா, குருமா, பாஸ்தா: இவற்றுக்குப் பேஸ்ட் பழத்துக்குச் சற்றும் இளைத்ததில்லை, நிறம் கூடுதலாகவே வரும். ஒரு மேசைக்கரண்டி பேஸ்ட்டைக் கால் டம்ளர் தண்ணீரில் கரைத்தால் ஒரு நடுத்தரத் தக்காளிக்குச் சமம். வெங்காயம் வதங்கியதும் எண்ணெயிலேயே ஒரு நிமிடம் வதக்கினால் அந்த வெந்த வாடை போய்விடும். வேகவைத்து எண்ணெயோடு சேர்ந்த தக்காளியில், அதற்குச் சிவப்பு தரும் லைகோபீன் நம் உடம்பில் நன்றாகச் சேரும் என்பதும் இதற்கு ஒரு சாதகம். வைட்டமின் சி-யில் பழம்தான் மேல். டின் வாங்கும்போது உப்பு சேர்த்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தொக்குக்குப் பாதிப் பழம், பாதிப் பேஸ்ட் என்று போட்டுப் பார்த்தேன். அடுப்பில் நிற்கும் நேரம் பாதியாகக் குறைந்தது, ருசியில் வீட்டில் யாரும் வித்தியாசம் சொல்லவில்லை. சட்னிக்குப் பழமே நல்லது. பிரியாணிக்கு நறுக்கிய பழத்தோடு ஒரு கரண்டி பேஸ்ட் சேர்க்கலாம். ரசத்தில் பியூரி, பேஸ்ட் இரண்டுமே தோற்றன. கையால் பிசைந்த நாட்டுத் தக்காளியின் அந்தப் பச்சைப் புளிப்பும் வாசனையும் ஆலைச் சூட்டில் போய்விடுகின்றன. 160 விற்றாலும் ரசத்துக்கு நான் இரண்டு பழம் வாங்கிவிடுவேன்.

திறந்த டின்னை அப்படியே பிரிட்ஜில் வைக்காதீர்கள். மிச்சத்தைக் கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றினால் ஒரு வாரம் தாங்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஐஸ் டிரேயில் ஒவ்வொரு குழிக்கும் ஒரு மேசைக்கரண்டி வைத்து உறையவிட்டு, கட்டிகளை டப்பாவில் போட்டு ஃப்ரீசரிலேயே வைத்துவிடுங்கள். ஒரு டின்னில் ஐம்பது கட்டி சொச்சம் வரும். எங்கள் வீட்டுக்கு அது ஒரு மாதக் குழம்பு.