இணைய இதழின் அன்றாட வேலைகளுக்குச் சேப்பியரா, என்8என்னா?

மட்டக்களப்பிலிருந்து சிலர் கூடி நடத்தும் எங்கள் இணைய இதழில், எழுதுவதைவிட எழுதியதைக் கொண்டுசேர்க்கும் வேலைக்கே அதிக நேரம் போய்க்கொண்டிருந்தது. கட்டுரையை எங்கள் தளம் இயங்கும் வேர்ட்பிரஸில் ஏற்ற வேண்டும். முகநூல் பக்கத்திலும் டெலிகிராம் சனலிலும் இணைப்பைப் போட வேண்டும். எழுதியவருக்கு அறிவிக்க வேண்டும். ஆண்டுத் தொகுப்புக்கான அட்டவணையில் பதிய வேண்டும். இவற்றைத் தானாக நடக்கச் செய்ய முதலில் சேப்பியர் (Zapier) என்ற சேவையையும் பின்னர் என்8என் (n8n) என்ற மென்பொருளையும் பயன்படுத்தினோம். இப்போது என்8என்னையே வைத்திருக்கிறோம், ஆகவே இந்த ஒப்பீடு அதன் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

எந்தக் கருவியைத் தேர்ந்தாலும் முதலில் வேர்ட்பிரஸின் நேரக்குறிப்பைச் சரிசெய்துகொள்ள வேண்டும். யாராவது தளத்துக்கு வரும்போதுதான் அது நிலுவை வேலைகளைப் பார்க்கிறது. காலை 6 மணிக்கு என்று குறித்த கட்டுரை, வாசகர் குறைந்த தளத்தில் முதல் ஆள் வரும்வரை காத்துக் கிடக்கும். அந்த உள்ளமைப்பை நிறுத்திவிட்டு, தளம் இருக்கும் கணினியான வழங்கியில், குறித்த நேரத்தில் வேலைகளை இயக்கும் கிரான் (cron) வசதியைக் கொண்டு சில நிமிடங்களுக்கு ஒருமுறை இயக்கினால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும்.

சேப்பியர் 2011இல் தொடங்கப்பட்ட வாடகைச் சேவை. கணக்குத் திறந்து, எது நடந்தால் எது நடக்க வேண்டும் என்று தெரிவுசெய்தால் போதும். இலவசத் திட்டம் மாதம் 100 செயல்களோடு நின்றுவிடுகிறது. ஒரு கட்டுரை மூன்று இடங்களுக்குப் போனால் மூன்று செயல்கள் கழியும். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குகள் தொடங்கி ஊருக்கு ஊர் செய்தி வரும் காலத்தில்தான் அந்த எல்லை முட்டும். கட்டணத் திட்டத்துக்கு மாறினால், ஆண்டுக்கு மொத்தமாகச் செலுத்தும்போது மாதம் 20 டாலரை ஒட்டிச் செலவாகும். என்8என் 2019இல் பேர்லினிலிருந்து வெளிவந்த மென்பொருள். சொந்த வழங்கியில் நிறுவி நமது வேலைக்குப் பயன்படுத்தினால் உரிமக் கட்டணமும் இல்லை, செயல்களின் எண்ணிக்கைக்கு வரம்பும் இல்லை. சிறிய வழங்கியொன்று மாதம் 5 டாலர் அளவில் கிடைக்கும். 2022இல் டாலர் 200 ரூபாவளவிலிருந்து 360 ரூபாவளவுக்கு ஏறியதைப் பார்த்தவர்களுக்கு, மாதாந்த டாலர் செலவு எவ்வளவு குறைந்தாலும் நல்லதுதான்.

ஆனால் பணத்தை வைத்து நாங்கள் முடிவெடுக்கவில்லை. பராமரிப்பு, அதிலும் குறிப்பாக ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாற்றும் வசதிதான் எங்கள் முடிவைத் தீர்மானித்தது. எங்கள் குழுவிற் பாதிப்பேர் ஆசிரியர்கள். இடமாற்றம் வந்தால் ஒருவர் வாகரைக்கும் மற்றவர் பொத்துவிலுக்கும் போய்விடுவார். வாடகைச் சேவையின் கணக்கு ஒருவருடைய மின்னஞ்சலிலும் அவருடைய வங்கி அட்டையிலும் தொங்கிக்கொண்டிருக்கும். அவர் விலகினால், அடுத்தவர் ஒவ்வொரு இணைப்பையும் அறிந்து, புதிதாக அனுமதி பெற்று, மீண்டும் கட்ட வேண்டியிருக்கும். என்8என்னில் ஒரு வேலையோட்டம் (தானாக நடக்கும் படிகளின் தொடர்) முழுவதையும் ஒரே கோப்பாக இறக்கி, குறிப்புகளோடு குழுவின் பொதுச் சேமிப்பகத்தில் வைத்துவிடலாம். வேறொரு வழங்கியில் அதே கோப்பை ஏற்றினால் அதே வரைபடம் திரையில் வந்து நிற்கும்.

இதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. அந்தக் கோப்பில் கடவுச்சொற்கள் இருக்காது. அவை குறியாக்கச் சாவியொன்றினால் பூட்டப்பட்டுத் தரவுத்தளத்தில் இருக்கும். தரவுத்தளத்தைப் பிரதியெடுத்துவிட்டுச் சாவியை எடுக்காமல் விட்டால், எல்லாக் கடவுச்சொற்களையும் திரும்பக் கொடுக்க வேண்டிவரும். அடுத்தது நேர வலயம்: நிறுவும்போது மாற்றாவிட்டால் என்8என் நியூயோர்க் நேரத்தில் ஓடும். அதன் அட்டவணையில் காலை 6 மணி என்று குறித்தது, நமக்குப் பிற்பகல் 3.30க்கோ 4.30க்கோ நடக்கும். ஆசியா, கொழும்பு என்று முதல் நாளே குறித்துவிட வேண்டும். புதிய பதிப்புகள் ஏறத்தாழ வாராவாரம் வருகின்றன. எல்லாவற்றையும் துரத்தத் தேவையில்லை, ஆயினும் முகநூலின் அனுமதிச் சாவிகள் கிடக்கும் வழங்கியைப் புதுப்பிக்காமல் மாதக்கணக்கில் விடுவது ஆபத்து.

தவறு நடந்தால் தெரியவருவதும் பராமரிப்பிற் சேர்ந்ததே. ஒரு வேலையோட்டம் தவறினால் இன்னொன்றைத் தூண்டும் வசதி என்8என்னில் இருக்கிறது. எங்களுக்கு அது டெலிகிராமில் செய்தி அனுப்புகிறது. வழங்கியே படுத்துவிட்டால் இதுவும் பேசாது என்பதால், வெளியிலிருந்து தளத்தைத் தட்டிப்பார்க்கும் தனிச் சேவையொன்றும் வேண்டும். முகநூல் இணைப்பு எந்தக் கருவியிலும் இதே தொல்லையைத் தருகிறது: அனுமதி கொடுத்தவர் தமது கடவுச்சொல்லை மாற்றினால் சாவி செல்லாமற்போகலாம். டெலிகிராமில் செய்தி போடும் தானியங்கிக் கணக்குக்கு (bot) அந்தக் கவலை இல்லை.

என்8என்னை நான் உள்ளபடியே விரும்புவதற்கு இன்னொரு காரணம் பாமினி. மூத்த எழுத்தாளர்கள், கூத்து அண்ணாவிமார், கோயில் நிர்வாகத்தினர் பலர் இன்றும் யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டே அனுப்புகிறார்கள். என்8என்னின் நிரல் பெட்டியில் எழுத்துக்கு எழுத்து மாற்றும் சிறிய ஜாவாஸ்கிரிப்ட் அட்டவணை எழுதி, மின்னஞ்சலில் வந்ததை யூனிகோட்டுக்கு மாற்றி வரைவாக வைத்துவிடலாம். பாமினியில் கொம்பு மெய்க்கு முன்னே வருவதால், ஒகர வரிசையை எகர வரிசைக்கு முன்னதாக மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் 'கொ' உடைந்து 'கெ'யும் காலும் தனித்தனியாக நிற்கும். தலைப்பிலிருந்து இணைய முகவரி உருவாக்கும் வேலையையும் அங்கேயே வைத்திருக்கிறோம். முகவரியில் தமிழ் எழுத்துகள் % குறிகளோடு மாற்றி எழுதப்படும்; அப்படிக் குறியேற்றிய முகவரியில் ஒரு தமிழ்க் குறியீடு ஒன்பது இடங்களை எடுக்கிறது. வேர்ட்பிரஸ் தருவதோ 200 இடங்கள், ஆகவே நீண்ட தலைப்பு நடுவில் வெட்டுப்படும். உயிர்மெய் ஒன்றுக்குப் பெரும்பாலும் இரண்டு குறியீடுகள் வேண்டும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் மிஞ்சும் இடம் மிகக் குறைவு.

மேக் என்ற மூன்றாவது சேவையைச் சிறு சோதனைக்கு மட்டுமே பயன்படுத்தினேன். வரைபடம் அழகாக இருந்தது, ஆனால் அவ்வளவு பழக்கத்தை வைத்து அதன் பராமரிப்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது நேர்மையாகாது. வட்ஸ்அப் குழுக்களுக்கு நாங்கள் இன்னும் கையாலேயே அனுப்புகிறோம். அதிகாரபூர்வமற்ற கருவிகளைப் பூட்டி இலக்கம் முடக்கப்படுவதை எங்கள் வாசகர்களின் பொருட்டு விரும்பவில்லை. மரண அறிவித்தல்களையும் கருவியிடம் விடுவதில்லை. பெயர், ஊர், கிரியை நேரம் ஆகியவற்றைக் குடும்பத்தாரிடம் கேட்டு ஒருவர் உறுதிசெய்த பின்னரே அவை வெளிவரும்.

வழங்கிக்குள் நுழைந்து கட்டளை இடத் தெரிந்தவர் குழுவில் ஒருவராவது இல்லையென்றால் என்8என்னை நான் பரிந்துரைக்க மாட்டேன். கல்முனையிலோ காரைதீவிலோ மாதம் சில செய்திகள் மட்டும் வெளியிடும் வாசிகசாலைக்கோ விளையாட்டுக் கழகத்துக்கோ சேப்பியரின் இலவசத் திட்டமே போதும். கணக்கை மட்டும் தனிநபரின் மின்னஞ்சலில் திறக்காமல், அமைப்பின் பெயரில் ஒரு மின்னஞ்சலை உருவாக்கி, அதன் கடவுச்சொல்லைச் செயலாளரும் பொருளாளரும் வைத்திருக்கும்படி தொடங்குங்கள்.