கை வியர்வையா, மனப் பதற்றமா: எதை முதலில் பிடிப்பது?

உள்ளங்கை சொட்டச் சொட்ட வியர்ப்பவர்களுக்கு இரண்டு விதமான அறிவுரை கிடைக்கும். "டென்ஷன் ஆகாதே, தானாக நிற்கும்" என்பது ஒன்று. "தோல் டாக்டரைப் பார், ஊசி போட்டால் நின்றுவிடும்" என்பது இன்னொன்று. முதல் கட்சிக்கு மனம்தான் நோய், வியர்வை அதன் அறிகுறி. இரண்டாம் கட்சிக்குச் சுரப்பிதான் நோய், மனக்கஷ்டம் அதன் விளைவு. எதில் தொடங்குவது என்று கேட்டால் நான் இரண்டாம் கட்சி. எங்கே நிறுத்துவது என்பதில்தான் அவர்களோடு எனக்குச் சண்டை.

மருத்துவர்கள் ஹைப்பர்ஹைட்ரோசிஸ் என்று எழுதும் இந்தக் கோளாறு பெரும்பாலும் பள்ளி வயதிலோ பதின்பருவத்திலோ தொடங்கிவிடும். ஆட்களைக் கண்டு கூசும் வயது வருவதற்கு முன்பே பிள்ளையின் நோட்டுத் தாள் நனைந்திருக்கும். குடும்பத்தில் அப்பாவுக்கோ அத்தைக்கோ இருந்திருக்கும். தூங்கும்போது நின்றுவிடும். சுரப்பிகளின் எண்ணிக்கை கூடுதல் இல்லை. அவற்றை ஏவும் சிம்பதெடிக் நரம்புகள் (நம் விருப்பத்துக்குக் காத்திராமல் தானாக இயங்குபவை) தேவைக்கு மேல் ஏவுகின்றன, அவ்வளவுதான். உள்ளங்கை, உள்ளங்கால் சுரப்பிகள் வெயிலைவிட மன உணர்ச்சிக்கே அதிகம் அசைந்து கொடுப்பவை. ஆகவே வியர்க்குமோ என்ற பயமே வியர்க்க வைக்கும், வியர்த்ததைப் பார்த்துப் பயம் கூடும். முதல் கட்சி இந்தச் சுழலை மட்டும் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதிவிடுகிறது.

வான்கூவரிலும் ஷாங்காயிலும் தோல் மருத்துவர்களிடம் வந்த 2,017 பேரைப் பார்த்த ஓர் ஆய்வு 2016இல் வெளியானது. அதிவியர்வை உள்ளவர்களில் 21.3 சதவீதம் பேருக்குப் பதற்றம், 27.2 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு. அது இல்லாதவர்களில் முறையே 7.5, 9.7 சதவீதம். வியர்வை கடுமையாக ஆக இரண்டும் கூடின. எது எதற்குக் காரணம் என்று இந்த எண்கள் சொல்லாது. ஆனால் மனத்தை ஒதுக்கிவிட்டுத் தோலை மட்டும் பார்ப்பது சரிவராது என்று சொல்கின்றன.

ஒரு எச்சரிக்கை. வயது வந்த பிறகு புதிதாக, உடம்பு முழுக்க, அல்லது இரவில் படுக்கை நனையும்படி வியர்த்தால் இந்த அலசலை மூடிவிட்டு மருத்துவரிடம் போங்கள். தைராய்டு, சர்க்கரை இறங்குவது, காசநோய், சில புற்றுநோய்கள், சாப்பிடும் மாத்திரைகள் என்று காரணம் வேறெங்காவது இருக்கலாம்.

எதை வைத்து ஒப்பிடுவது?

எவ்வளவு ஈரம் குறைந்தது என்று பார்ப்பது சுலபம், ஆனால் அது பாதிக் கணக்கு. மருத்துவர்கள் வைத்திருக்கும் எளிய அளவுகோலே வேறு மாதிரி கேட்கிறது: வியர்வை அன்றாட வேலையில் குறுக்கிடவே இல்லையா, சில சமயம் குறுக்கிடுகிறதா, அடிக்கடியா, எப்போதுமா? ஒன்று முதல் நான்கு வரை மதிப்பெண். மூன்று, நான்கில் இருந்தவர் ஒன்று, இரண்டுக்கு இறங்கினால் சிகிச்சை பலித்தது என்று பொருள். கைகுலுக்கும் முன் பேன்ட்டில் கையைத் துடைப்பது, விடைத்தாளுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே கைக்குட்டை வைப்பது, கைரேகை இயந்திரத்தில் விரல் பதியாமல் பின்னால் வரிசை நீள்வது என்று எல்லாம் இந்தக் கணக்கில் வரும். நானும் இதையே தராசாக வைத்துக்கொள்கிறேன்.

அலுமினியம் குளோரைடு கரைசல் எளிதாகக் கிடைப்பது, அதனாலேயே மதிப்பு குறைவு. போட்டுப் பார்த்துப் பலனில்லை என்பவர்களில் பலர் காலையில் குளித்த ஈரத்தோடு பூசியவர்கள். அது தப்பு. சுரப்பி ஓய்ந்திருக்கும் இரவில், தோலை நன்றாக உலர்த்திவிட்டுப் பூச வேண்டும், கரைசலில் உள்ள அலுமினிய உப்பு வியர்வைக் குழாயின் வாயை அடைக்கும், காலையில் கழுவிவிடலாம். ஈரத் தோலில் பட்டால் அமிலம் உண்டாகி எரியும். பலன் தெரிந்த பிறகு வாரத்துக்கு ஓரிரு முறை போதும். அக்குளுக்கு இது நல்ல தொடக்கம். உள்ளங்கைத் தோல் தடிமன் என்பதால் அங்கே பலருக்குப் போதாமல் போகும் என்றே எதிர்பாருங்கள். வாசனைக்கான டியோடரண்ட் வேறு சாமான். அது வியர்வையை நிறுத்தாது.

உள்ளங்கைக்கு: மின்னோட்டம், மாத்திரை, ஊசி

இங்கேதான் உண்மையான போட்டி.

அயன்டோபோரேசிஸ் என்றால் இரண்டு தட்டில் குழாய்த் தண்ணீர், ஒவ்வொன்றிலும் ஒரு கை, தண்ணீர் வழியாக 15 முதல் 20 மில்லிஆம்பியர் அளவில் மின்னோட்டம். ஒரு அமர்வு இருபது நிமிடம், அரை மணி. தொடக்கத்தில் வாரம் மூன்று நான்கு முறை, அடங்கியதும் வாரம் ஒருமுறை. மோதிரத்தைக் கழற்ற வேண்டும், நகக்கண்ணில் சின்ன வெட்டு இருந்தால் வாசலின் தடவ வேண்டும், நடுவில் கையைச் சட்டென்று வெளியே எடுத்தால் சுரீரென்று ஒரு அடி விழும். சுரப்பி ஏன் அடங்குகிறது என்பதற்கு முழு விளக்கம் இன்னும் இல்லை, ஆனால் பெரும்பாலானோருக்கு அடங்குகிறது. பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள், உடம்பில் உலோகம் பொருத்தியவர்கள், கர்ப்பிணிகள் இதைத் தவிர்க்க வேண்டும். இதன் எதிரி வலி அல்ல, சலிப்பு. மூன்றாம் வாரம் கை உலர்ந்ததும் நிறுத்திவிடுவார்கள். அப்புறம் பழையபடி வியர்க்கும். "இதுவும் வேலை செய்யவில்லை" என்பார்கள்.

மாத்திரைக்கு அந்தப் பொறுமை தேவையில்லை. கிளைகோபைரோலேட், ஆக்ஸிபியூட்டினின் இரண்டும் சுரப்பிக்கு ஏவல் கொண்டுபோகும் அசிட்டைல்கோலினைத் தடுப்பவை. கை, கால், முகம் என்று பல இடத்தில் வியர்ப்பவருக்கு மற்ற வழிகளால் முடியாததை இது செய்யும். ஆனால் கையை மட்டும் உலர்த்து என்று மாத்திரையிடம் சொல்ல முடியாதே. வாய் உலரும், மலம் கட்டும், பார்வை கொஞ்சம் மங்கும், சிறுநீர் தடைபடலாம். வெயிலில் வேலை செய்பவருக்கும் ஓடி விளையாடுபவருக்கும் உடல் சூடு இறங்க வழியில்லாமல் போகும். கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோயில் ஒரு வகை உள்ளவர்களுக்கு ஆகாது; வயதானவர்களுக்கு மனக் குழப்பம் வரலாம். நேர்காணல், மேடை போன்ற நாட்களுக்கு மட்டும் மருத்துவர் சொன்ன அளவில் சாப்பிடுவது பலருக்குச் சரிப்படுகிறது. தினமும் விழுங்குவதைவிட எனக்கு இந்த வழி பிடிக்கும்.

சுரப்பிக்குப் போகும் நரம்பின் ஏவலைத் தடுக்கும் போட்டாக்ஸ் ஊசி உள்ளங்கையில் நன்றாக வேலை செய்யும். வலியும் நன்றாகவே இருக்கும். உள்ளங்கை முழுக்கப் பல இடத்தில் குத்த வேண்டும், நரம்பை மரக்க வைத்துவிட்டுப் போடுவதும் உண்டு. சில வாரங்களுக்குக் கட்டைவிரல் பிடிமானம் தளரலாம். தையல், இசைக்கருவி, நுண்வேலை பார்ப்பவர்கள் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். சில மாதங்களில் பலன் கரைந்துவிடும், மறுபடி குத்த வேண்டும்.

என் வரிசை: வீட்டில் உட்காரப் பொறுமை இருந்தால் மின்னோட்டம், குறித்த நாளுக்கு மாத்திரை, இரண்டும் ஆகாவிட்டால் ஊசி.

அக்குளில் கணக்கு மாறுகிறது. போட்டாக்ஸ் அங்கே வலி குறைவு, ஆறேழு மாதம் வரை தாங்கும். கடுமையான அக்குள் வியர்வைக்கு அமெரிக்காவில் 2004இலேயே அனுமதி கிடைத்தது. நுண்ணலையால் (மைக்ரோவேவ்) சுரப்பியையே அழிக்கும் முறை நிரந்தரமானது, ஆனால் அக்குளுக்கு மட்டும்தான். பூசும் மருந்துகளில் சோஃப்பிரோனியம் ஜெல் ஜப்பானில் 2020இல் வந்தது, அமெரிக்காவில் 2024இல்.

கை உலர்ந்த பிறகும் பயம் இருந்தால்

மருந்து பலித்தும் சிலர் கையைச் சட்டைப் பையை விட்டு எடுக்கமாட்டார்கள். பத்து வருடமாகக் கைகுலுக்கலைத் தவிர்த்து வந்தவருக்குத் தவிர்ப்பதே பழக்கமாகியிருக்கும். இங்கே ஊசியின் வேலை முடிந்தது, பேச்சுச் சிகிச்சையின் வேலை ஆரம்பம். எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிபிடி எனப்படும் முறை சுரப்பியை உலர்த்தாது. துடைப்பது, ஒளிப்பது, கறுப்புச் சட்டை மட்டும் அணிவது போன்ற காவல்களை ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் பார்க்க வைக்கும். ஈரக் கையோடு ஒருவரிடம் ஒரு பொருளை நீட்டி, அவர் முகத்தில் உண்மையில் என்ன தெரிகிறது என்று கவனிப்பது அதில் ஒரு பயிற்சி. நாம் நினைத்த அருவருப்பு பெரும்பாலும் அங்கே இருக்காது. தோல் சிகிச்சை நடக்கும்போதே இதையும் தொடங்கலாம், காத்திருக்கத் தேவையில்லை. வாழ்வதே பாரமாகத் தோன்றும் அளவுக்குச் சோர்வு இருந்தால் வரிசையெல்லாம் பார்க்க வேண்டாம், மனநல மருத்துவர்தான் முதலில்.

மருந்துகளில் இரண்டு பொறிகள். மேடைப் பயத்துக்குக் கொடுக்கும் ப்ரொப்ரானலால் நெஞ்சுப் படபடப்பையும் கை நடுக்கத்தையும் குறைக்கும். அது தடுப்பது அட்ரினலினை, வியர்வைச் சுரப்பியோ அசிட்டைல்கோலின் சொல்படி நடப்பது, ஆகவே கை உலரும் என்று நம்பி இதை வாங்காதீர்கள். இன்னொன்று: பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் தரப்படும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகளே சிலருக்கு வியர்வையைக் கூட்டும். தேவைப்பட்டால் சாப்பிடத்தான் வேண்டும். வியர்வைத் தொல்லை உண்டு என்று எழுதிக் கொடுப்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், வியர்வை கூடினால் நீங்களாக நிறுத்தாமல் அவரிடமே திரும்பப் போங்கள்.

கடைசியாக அறுவை சிகிச்சை. மார்புக்குள் கேமரா விட்டு சிம்பதெடிக் நரம்பைத் துண்டித்தால், அல்லது கிளிப் போட்டு நெரித்தால், உள்ளங்கை உடனே உலரும். பலிப்பதில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் பெரும்பாலானோருக்கு கையில் நின்றதை ஈடுகட்டுவதுபோல் முதுகு, வயிறு, தொடையில் வியர்வை புதிதாகக் கிளம்பும். பலருக்கு அது லேசானது, சிலருக்கு ஒரு நாளைக்கு இரண்டு சட்டை மாற்றும் அளவு. திரும்பப் பெறுவதற்கு நம்பகமான வழி இல்லை. தைவானில் 2004இல் இருபது வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு இதைத் தடை செய்தார்கள். கல்லூரியில் சேரும் முன் பிள்ளைக்கு இதைச் செய்துவிடலாம் என்று அவசரப்படும் பெற்றோரிடம் நான் கேட்பது: மின்னோட்டத்தை முறையாக இரண்டு மாதமாவது செய்து பார்த்தாயிற்றா? முதுகு நனைந்தால் பரவாயில்லை என்று பிள்ளையே சொன்னதா, நீங்கள் சொல்கிறீர்களா?