பழைய சீலிங் ஃபேனுக்கு எந்த பேரிங்? 6202 வகைகள் பற்றி ஒரு மதிப்பீடு

பழைய வார்ப்பிரும்பு ஃபேனைப் புதுப்பிக்கும்போது பெயிண்டுக்கும் பாலிஷுக்கும் கிடைக்கும் அக்கறை பேரிங்குக்குக் கிடைப்பதில்லை. பல ஃபேன்களில் 6202 என்ற அளவு எண் கொண்ட பேரிங் பொருந்தும்: உள்விட்டம் 15 மி.மீ., வெளிவிட்டம் 35, அகலம் 11. ஆனால் மேலே ஒன்று, கீழே ஒன்று என அளவு மாறும் ஃபேன்களும் உண்டு. கழற்றியதை வெர்னியரில் அளந்த பிறகே வாங்குங்கள்.

ரப்பர் சீல் போட்ட 2ஆர்.எஸ். வகை தூசியை நன்றாகத் தடுக்கும். ஆனால் அந்த ரப்பர் உதடு உள்வளையத்தில் உரசிக்கொண்டே இருக்கும். சீலிங் ஃபேன் மோட்டாரின் முறுக்குவிசை குறைவு என்பதால், ரெகுலேட்டரைக் குறைத்து வைத்தால் ஃபேன் தயங்கித்தான் கிளம்பும். இசட்இசட் வகையில் இரும்பு மூடி எதையும் தொடாது, கையால் தள்ளினாலே லேசாகச் சுற்றும். என் தேர்வு இதுதான். திறந்த பேரிங் வேண்டாம். கிரீஸில் தூசி ஒட்டிக் கெட்டியாகிவிடும். சி3 என்று பொறித்ததையும் தவிர்க்கலாம். அது சூடாக ஓடும் மோட்டார்களுக்காகத் தளர்வாகச் செய்யப்படுவது. மெதுவாகச் சுற்றும் ஃபேனில் கடகடக்கலாம்.

எவ்வளவு நல்ல பேரிங்கையும் மாட்டும் விதத்தில் கெடுத்துவிடலாம். ஷாஃப்டில் ஏற்றும்போது உள்வளையத்தை மட்டும், மோட்டார் கவரில் இறக்கும்போது வெளிவளையத்தை மட்டும் அழுத்த வேண்டும். மாற்றி அடித்தால் குண்டு ஓடும் தடத்தில் பள்ளம் விழுந்து, புது பேரிங்கே முதல் நாளிலிருந்து கரகரக்கும். மண்ணெண்ணெயில் கழுவவும் கூடாது, உள்ளே இருக்கும் கிரீஸ் போய்விடும். கவரின் குழியில் கறுப்புப் பொடி தெரிந்தால் வெளிவளையம் அதற்குள் வழுக்கியிருக்கிறது என்று பொருள். இடைவெளி சிறியதென்றால் பேரிங் ஒட்டும் திரவம் போதும். சென்டர் பஞ்ச் என்ற கூர்முனைக் கருவியால் குழியைக் குத்திப் பிடிப்பு உண்டாக்குவது பரவலான பழக்கம்தான், ஆனால் பேரிங் சாய்ந்து உட்காரும்.

மாற்றிய பிறகும் சத்தம் வந்தால், ஓடும் ஃபேனின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். சத்தம் உடனே நின்றால் அது மின்சாரக் கோளாறு: வைண்டிங் (மோட்டாரின் கம்பிச்சுருள்), கண்டன்சர் அல்லது ரெகுலேட்டர். இறக்கை நிற்கும்வரை தொடர்ந்தால் பேரிங்கையோ அது உட்காரும் இடத்தையோ மறுபடி பாருங்கள். சத்தமில்லாமல் வேகம் மட்டும் குறைந்திருந்தால் கண்டன்சரைச் சந்தேகிக்கலாம். ஃபேனில் குறித்திருக்கும் மைக்ரோஃபாரட் அளவையே போடுங்கள்; வேகத்துக்காகப் பெரிதாகப் போட்டால் வைண்டிங் சூடேறும்.