பெயர் தெரியாத அலங்காரச் செடி: செயலியா, அனுபவசாலியா, திறவுகோலா?

வீட்டுத் தோட்டத்துக்கு வந்து சேரும் அலங்காரச் செடிகளில் பல, பெயர்ச்சீட்டு இல்லாமலேயே வருகின்றன. நன்றாக வளர்ந்தால் போதும், பெயர் எதற்கு என்று விட்டுவிட முடியாது. எவ்வளவு வெயில் வேண்டும் என்பதிலிருந்து, வீட்டுப் பூனை இலையைக் கடித்தால் என்ன ஆகும் என்பது வரை அனைத்தும் அந்தப் பெயரைச் சார்ந்தே இருக்கின்றன. அதைக் கண்டறிய மூன்று வழிகள் உள்ளன: படத்தைப் பார்த்துச் சொல்லும் கைபேசிச் செயலி, செடி வளர்த்துப் பழகியவர், தாவரவியல் நூல்களில் உள்ள இனங்காண் திறவுகோல், அதாவது செடியின் அடையாளங்களைப் படிப்படியாகப் பொருத்திப் பார்த்துப் பெயரை அடைய உதவும் பட்டியல்.

வேகத்தில் செயலியை மற்ற இரண்டும் நெருங்க முடியாது. கூகுள் லென்ஸ் எந்தப் படத்தையும் ஏற்றுக்கொண்டு, அதைப் போன்ற படங்களைத் தேடித் தருகிறது. பிளான்ட்நெட், படத்தில் இருப்பது இலையா, பூவா, காயா, பட்டையா என்பதையும் கணக்கில் கொள்வதால், செடிகளைப் பொறுத்தவரை நான் அதையே முதலில் நாடுவேன். ஐநேச்சுரலிஸ்ட் தளத்தின் அக்கறை இயற்கையில் தானாக வளரும் உயிரினங்கள் மீது என்பதால், தொட்டிச் செடியின் படத்துக்கு அங்கே வல்லுநர்களின் கவனம் குறைவாகவே கிடைக்கும்.

ஆனால் செயலி எதுவானாலும், படத்தில் பதியாததை அதனால் பார்க்க முடியாது. மணி பிளான்ட்டும் இதய வடிவ இலை கொண்ட பிலோடென்ட்ரானும் படத்தில் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். கையில் எடுத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கிவிடும். மணி பிளான்ட்டின் இலைக்காம்பை விரலால் வருடினால், மேற்புறத்தில் ஒரு பள்ளம் நீளவாக்கில் ஓடுவது தட்டுப்படும். அந்த பிலோடென்ட்ரானின் காம்போ உருண்டு வழவழப்பாக இருக்கும். பிலோடென்ட்ரானில் ஒவ்வொரு புதுத் தளிரும் மெல்லிய உறை ஒன்றுக்குள்ளிருந்து வெளிவரும்; பின்னர் அந்த உறை காய்ந்து உதிரும். மணி பிளான்ட்டில் அத்தகைய உறை கிடையாது.

பழகியவரின் பலம் இத்தகைய நுணுக்கங்களில்தான் இருக்கிறது. தளிர், மணம், கிள்ளினால் கசியும் பால் ஆகியவற்றையெல்லாம் அவர் ஒரே பார்வையில் சேர்த்து எடைபோடுவார். கலப்பின ரகங்களிலும் அவர் சொல்வதே பெரும்பாலும் சரியாக இருக்கும். ஆயினும் அவர் சொல்வது பொதுவாக வணிகப் பெயர் என்பதால், அங்கே எச்சரிக்கை தேவை. லக்கி பாம்பூ மூங்கிலே அன்று, அது டிரசீனா. பீஸ் லில்லி என்ற பெயரில் விற்கப்படும் ஸ்பேத்திஃபில்லம் பூனையின் வாயில் எரிச்சலை உண்டாக்கும். லிலியம் பேரினத்தைச் (பேரினம் என்பது நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுதி) சேர்ந்த உண்மையான லில்லியோ, சிறிதளவு உட்கொண்டாலும் பூனையின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்து உயிரையே பறிக்கக்கூடும். இரண்டுக்கும் லில்லி என்ற பெயர் இருப்பது பூனை வளர்ப்பவருக்கு ஆபத்தானது.

திறவுகோல் மெதுவானது, ஆனால் ஏன் இந்தப் பெயர் என்பதற்குக் காரணம் காட்டக்கூடியது. 1778-இல் பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் லாமார்க், பிரான்சின் தாவரங்களைப் பற்றிய தமது நூலில் கையாண்ட இருகிளை முறையே இன்றும் தொடர்கிறது: ஒவ்வொரு படியிலும் இரண்டு கூற்றுகளில் செடிக்குப் பொருந்துவதைத் தேர்ந்து முன்னேற வேண்டும். ஜெரேனியம் என்று பரவலாக அழைக்கப்படும் தொட்டிச் செடி பெரும்பாலும் பெலார்கோனியமே என்பது, மேலிரு இதழ்கள் கீழ் மூன்றிலிருந்து மாறுபட்டிருப்பதைக் கவனிக்கும்போது தெளிவாகும். இம்முறையின் பெருங்குறை, அது பல இடங்களில் பூவைக் கேட்பது. வீடுகளில் வளரும் மணி பிளான்ட் பூப்பதே இல்லை எனலாம்.

ஆகவே என் தேர்வில் செயலிக்கு முதலிடம் உண்டு, முடிவு சொல்லும் உரிமை இல்லை. அது தரும் பேரினப் பெயரை எடுத்துக்கொண்டு, அதன் தாவரவியல் விவரிப்போடு காம்பு, இலை அடுக்கு, தளிர் ஆகியவற்றைக் கையாலேயே ஒப்பிட வேண்டும். ரகத்தின் பெயர் வேண்டுமென்றால் பழகியவரைக் கேட்க வேண்டும். சாத்தியமான பெயர்களுள் ஒன்றேனும் நச்சுச் செடியுடையதாக இருந்தால், அது அன்று என உறுதியாகும் வரை குழந்தைகளுக்கும் வளர்ப்பு விலங்குகளுக்கும் எட்டாத இடத்தில் தொட்டியை வைக்க வேண்டும்.