ஃபிராகொனாரின் ‘ஊஞ்சல்’: கேன்வாஸ் பிரதியா, காகிதப் பிரதியா?

லண்டன் அருங்காட்சியகமான வாலஸ் கலெக்‌ஷனில் இருக்கும் இந்த ஓவியத்தைப் பிரெஞ்சு ஓவியர் ஃபிராகொனார் 1767 வாக்கில் வரைந்தார். அசல் 81 x 64.2 செ.மீ. தான். வீட்டுச் சுவருக்கு விற்கும் பிரதிகளில் 16x20 அங்குல மேட் (பளபளப்பில்லாத) காகிதப் பிரதியே நல்லது. அதே அளவு கேன்வாஸ் பிரதி அதற்கு ஈடாகாது.

காரணம் படத்திலேயே இருக்கிறது. இளஞ்சிவப்பு கவுனில் நடுவே ஆடும் பெண் எந்த மட்டமான அச்சிலும் பளிச்சென்று வந்துவிடுவாள். ஆனால் கதை நடப்பது ஓரங்களில். கீழே இடப்பக்கப் புதரில் சாய்ந்தபடி அவளையே பார்க்கிறான் ஓர் இளைஞன். வலப்பக்க இருட்டில் ஒரு வயதானவர் கயிற்றைப் பிடித்து ஆட்டிவிடுகிறார். புதருக்குள் ஆள் இருப்பது அவருக்குத் தெரியாது. அவள் காலிலிருந்து கழன்ற செருப்பு இடப்பக்கத்து மன்மதச் சிலையை நோக்கிப் பறக்கிறது. சிலையோ உதட்டில் விரல் வைத்து ‘பேசாதே’ என்கிறது. இந்த ரகசியத்துக்கு எதிராகக் குரல் கொடுப்பது கீழே குரைக்கும் குட்டி வெள்ளை நாய் மட்டும்தான். நாய் என்றால் விசுவாசம் என்பது ஐரோப்பிய ஓவிய மரபு. அதை எவ்வளவு சின்னதாக, எவ்வளவு இருட்டில் வைத்திருக்கிறார் பாருங்கள்! வயதானவரும் நாயும் அச்சில் கருப்போடு கருப்பாகிவிட்டால், மிஞ்சுவது வெறும் காலண்டர் படம்.

கேன்வாஸில் அதுதான் நடக்கிறது. துணியின் நெசவு செருப்பு, விரல் போன்ற நுணுக்கங்களை உடைத்துவிடும். இருண்ட பச்சைகள் ஒன்றாகிவிடும். படத்தையே மடித்துச் சட்டத்தின் பக்கவாட்டில் இழுத்து அடித்தால், ஒன்றரை அங்குலக் கட்டைக்கு நான்கு பக்கமும் ஒன்றரை அங்குலம் போய்விடும். கேன்வாஸ்தான் வேண்டுமென்றால், ஓரத்துக்குத் தனி நிறம் கொடுக்கச் சொல்லுங்கள்.

அளவிலும் கவனம் தேவை. 16x20, 8x10 இரண்டும் அசலின் விகிதத்துக்கு மிக நெருக்கம். ஏ3 தாளை நிரப்ப அகலத்தில் சுமார் 11 சதவீதம் வெட்டவேண்டும். 12x18-க்கு 16 சதவீதம். வெட்டு இடப்பக்கம் விழுந்தால் சிலைக்கு ஆபத்து.

ஆர்டர் கொடுக்குமுன் மாதிரிப் படத்தில் கவுனின் நிறத்தைப் பாருங்கள். மஞ்சளேறிய பழைய வார்னிஷ் 2021-இல் நடந்த சுத்திகரிப்பில் அகற்றப்பட்டது. கவுன் ஆரஞ்சாகவும் இலைகள் பழுப்பாகவும் இருந்தால் அது பெரும்பாலும் அதற்கு முந்தைய புகைப்படம். 16x20-க்கு 4800 x 6000 பிக்சல் கோப்பு இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

கண்ணாடி போடுவதானால் ஜன்னலுக்கு நேர் எதிரே மாட்டவேண்டாம். பிரதிபலிப்பு முதலில் மறைப்பது அந்த வலப்பக்க இருட்டைத்தான்.