அமெரிக்கக் கல்லூரி நிதியுதவியின் எஸ்ஏபி விதி: மாட்டிவிடுவது ஜிபிஏ அல்ல, பேஸ்

பெல் கிராண்ட் (திருப்பித் தர வேண்டாத அரசு உதவித்தொகை), ஃபெடரல் கடன், வொர்க் ஸ்டடி (படித்துக்கொண்டே பார்க்கும் பகுதிநேர வேலை) எதுவானாலும் தொடர்ந்து கிடைக்க ஆண்டுதோறும் ஃபாஃப்சா என்கிற நிதியுதவி விண்ணப்பத்தை நிரப்பினால் மட்டும் போதாது. எஸ்ஏபி என்கிற படிப்பு முன்னேற்றக் கணக்கிலும் தேற வேண்டும். விதி நியாயமானதுதான். அதை மாணவர்களுக்குச் சொல்லும் விதம்தான் மோசம்.

இளநிலைக்குப் பொதுவாக 2.0 ஜிபிஏ (4.0-க்கு மதிப்பெண் சராசரி) கேட்பார்கள். இது எல்லோருக்கும் தெரியும். 120 கிரெடிட் பட்டத்துக்கு, எடுக்கும் மொத்த கிரெடிட்டின் உச்சவரம்பு 180, அதாவது 150 சதவீதம். பலரும் சறுக்குவது பேஸில், அதாவது படிப்பை முடிக்கும் வேகத்தில். முடித்த கிரெடிட்டை எடுத்த கிரெடிட்டால் வகுத்தால் பெரும்பாலான கல்லூரிகளில் 67 சதவீதம் வர வேண்டும். பாடத்தைப் பாதியில் விட்டு டபிள்யூ வாங்கினால் ஜிபிஏ தப்பும், பேஸ் தப்பாது. பேஸ் கணக்கில் எஃப் (தோல்வி), இன்கம்ப்ளீட் (பாடவேலை முடியாமல் கிரேடு நிற்பது) இரண்டும் அப்படியே: எடுத்ததில் ஏறும், முடித்ததில் ஏறாது. முதல் செமஸ்டரில் 15 எடுத்து 6 முடித்தால் 40 சதவீதம். அடுத்த செமஸ்டரில் 15-ம் தேறினால் 30-க்கு 21, அதாவது 70, பிழைத்தீர்கள். 12 மட்டும் தேறினால் 60, உதவி நின்றுவிடும். கைக்காசு போட்டுப் படித்த செமஸ்டரும் சேரும். ஒரு செமஸ்டர் வீட்டில் இருந்துவிட்டு வந்தாலும் சதவீதம் நகராது.

செமஸ்டர்தோறும் சரிபார்க்கும் கல்லூரி முதல் சறுக்கலுக்கு வார்னிங் தந்து, அடுத்த செமஸ்டருக்கும் உதவியை விடலாம். ஆண்டுக்கொருமுறை பார்க்கும் கல்லூரியில் வார்னிங்கே கிடையாது, நேரே நிறுத்தம். சேரும் முன்பே இதைக் கேட்டு வைப்பது நல்லது.

அப்பீலுக்கு இடம் கொடுக்கும் கல்லூரிகள் ஏராளம். இந்த ஏற்பாட்டில் மெச்சத்தக்கது அதுதான். உறவினர் மரணம், நோய், காயம், பிற விசேஷச் சூழல் ஆகியவற்றை விதியே ஏற்கிறது. கடிதம் இரண்டைச் சொல்ல வேண்டும்: ஏன் தவறியது, இப்போது என்ன மாறியிருக்கிறது. முதலாவதை இரண்டு பக்கம் எழுதிவிட்டு இரண்டாவதை ஒரு வரியில் முடித்தால் நிராகரிக்கத்தான் செய்வார்கள். மருத்துவர் கடிதத்தின் தேதி அந்த செமஸ்டரோடு பொருந்த வேண்டும். ஒரே செமஸ்டரில் 67-ஐ எட்ட முடியாதென்றால் அட்வைசரோடு உட்கார்ந்து அகாடமிக் பிளான் போட்டு இணையுங்கள். கல்லூரியின் முடிவே இறுதி; கல்வித்துறையிடம் மேல்முறையீடு கிடையாது.

இன்கம்ப்ளீட்டுக்குப் பிறகு கிரேடு வந்தால், மறுகணக்கீடு செய்யச் சொல்லி நிதியுதவி அலுவலகத்துக்கு நீங்களே எழுதுங்கள். தானாக நடக்கும் என்று காத்திருக்க வேண்டாம்.