ஃபமாச்சா அட்டை: ஒரு மழைக்காலம் வைத்துப் பார்த்ததில்

எங்களிடம் இருப்பது கன்னி இன வெள்ளாடுகள் 34, கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டு மேய்ச்சல். போன ஐப்பசியில் வயிற்றுப் புழுவுக்கு மூன்று தடவை பூச்சி மருந்து ஊற்றியும் தாடைக்குக் கீழே பை மாதிரி வீங்கி இரண்டு குட்டிகள் செத்துப்போயின. மருந்துக்கடையில் "அது கேக்காதுண்ணே, இதக் குடுங்க" என்று ஒவ்வொரு தடவையும் வேறு பாட்டில் தந்தார்கள். அப்புறம் மூன்று பாட்டிலையும் வரிசையாக வைத்துப் பொடி எழுத்தைப் படித்தால் இரண்டில் அல்பெண்டசோல், மூன்றாவதில் ஃபென்பெண்டசோல். எல்லாம் ஒரே மருந்துக் குடும்பம். ஒன்றுக்குச் சாகாத புழு மற்றதுக்கும் பெரும்பாலும் சாகாது, லேபிள் கலர்தான் வேறே.

புழுக்கையைப் பரிசோதித்த கால்நடை மருத்துவர்தான், ஆட்டின் இமை நிறத்தை ஒப்பிட்டு ரத்தக் குறைவைக் கண்டுபிடிக்கும் இந்த ஃபமாச்சா அட்டையைக் கொடுத்து, பார்க்கவும் பழக்கினார். அட்டை என்றதும் அம்மா வாய்க்கால் அட்டையை நினைத்துக்கொண்டாள். தப்பில்லை, ஆட்டின் வயிற்றில் இருக்கும் ஹெமாங்கஸ் புழுவுக்கும் ரத்தம் குடிக்கிற அதே பிழைப்புதான். ஒரு புழு நாளைக்கு 0.05 மில்லி ரத்தம் என்றால் ஆயிரம் புழு சேர்ந்தால் 50 மில்லி. ரத்தம் குறையக் குறைய இமையின் உள்பக்கம் வெளுக்கும். அந்த நிறத்தை ஐந்து படியாக அச்சடித்திருக்கிறார்கள், 1 நல்ல சிவப்பு, 5 வெள்ளைத்தாள். தென்னாப்பிரிக்காவில் செம்மறிக்காக உருவாக்கியது, ஃபஃபா மலான் என்ற மருத்துவர் பெயரில்தான் இந்தப் பெயரே.

ஆட்டை வெயில் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, மேல் இமையை மூடி, கண்ணை லேசாக உள்ளே அழுத்திக்கொண்டே கீழ் இமையை இழுத்தால் உள்சதை சட்டென்று பிதுங்கும். அந்த நொடியிலேயே பார்த்துவிட வேண்டும், பிடித்துக்கொண்டே நின்றால் சிவந்து ஏமாற்றிவிடும். முதல் நாள் எனக்கு 2-க்கும் 3-க்கும் வித்தியாசமே தெரியவில்லை. மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்து 4, 5 வந்தால் கட்டாயம் மருந்து. குட்டியும் சினை ஆடும் 3 என்றாலே மருந்து. மற்றதுக்கு ஒன்றும் கிடையாது. இதுதான் விஷயமே. எல்லா ஆட்டுக்கும் ஊற்றினால் மருந்துக்குச் சாகாத புழு மட்டும்தான் மிஞ்சிப் பெருகும். சிலதை விட்டுவைத்தால் மருந்துக்குச் சாகிற புழுவின் முட்டையும் காட்டில் விழுந்து கலந்துகொண்டே இருக்கும்.

குறை இல்லாமல் இல்லை. ரத்தம் குடிக்காத புழுவை இது காட்டாது. கழிச்சல் கண்ட ஆட்டுக்கு இமை சிவப்பாகவே இருக்கலாம். ஈரல் புழு இருந்தாலும் வெளுக்கும், அதனால் புழுக்கைப் பரிசோதனையை விட முடியாது. அட்டையை வெயிலில் போட்டால் நிறம் மங்குகிறது. போனில் வரும் படத்தை அச்சடித்து வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம், என் தம்பி அடித்த பிரதியில் 3 போய் 4 மாதிரி நின்றது.

புது மருந்து வரட்டும் என்று காத்திருக்கலாம்தான். ஐவர்மெக்டின் 1981-இல் வந்தது, மோனிபான்டெல் நியூசிலாந்தில் 2009-இல். அதற்கும் சாகாத புழுக்கள் நாலைந்து வருடத்திலேயே அங்கேயே கிளம்பிவிட்டன. ஆஸ்திரேலியாவில் 2014-இல் பார்பர்வாக்ஸ் என்ற தடுப்பூசி வந்தது, புழுவின் குடல் புரதத்தில் செய்வது, இதை மருந்துக்குச் சாகாத புழுவாலும் ஏமாற்ற முடியவில்லை. ஆனால் செம்மறிக்காக வந்தது, ஆறு வாரத்துக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும், தயாரிக்கவே ஆட்டு வயிற்றில் வளர்த்த புழுக்களை எடுத்தாக வேண்டும். நம் ஊர்ப் பட்டிக்கு எப்போது வருமோ.

சரி, கணக்கு: இந்த ஐப்பசி, கார்த்திகையில் 34-இல் ஒன்பது ஆட்டுக்குத்தான் மருந்து ஊற்றினேன், அதுவும் வேறு குடும்பத்து மருந்து, மருத்துவர் சொன்ன வெள்ளாட்டு அளவில் (செம்மறி அளவு வெள்ளாட்டுக்குப் பத்தாது, நான் பல வருடம் அதைத்தான் ஊற்றியிருக்கிறேன்). சாவு இல்லை. நோட்டைப் பார்த்தால் நான்கு ஆடுகள்தான் திரும்பத் திரும்ப வெளுத்திருந்தன, அதில் இரண்டை எட்டயபுரம் சந்தைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டேன். ஒன்று நல்ல பால் ஆடு, அம்மா இன்னும் சரியாகப் பேசவில்லை.